கை பிசகினால் முதலில் இடத்தைப் பாருங்கள்

(நமது டிரஸ்டின் மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில், கோவையில் நகைப் பட்டறை நடத்திவரும் சகோதரர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



மேடையில் பேசிப் பழக்கம் இல்லாதவன் நான். 15 வயதில் ராஜ வீதிப் பக்கம் ஒரு பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தேன். 34 வருஷமாக ஊதுகுழலும் அரமும்தான் எனக்குத் தெரிந்த பாஷை. இப்போது என்னிடம் 5 பேர் வேலை செய்கிறார்கள். நம் டிரஸ்டுக்கு மருத்துவ உதவி கேட்டு வருகிறவர்களில் பட்டறைத் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். கண், கழுத்து, நெஞ்சு என்று வருகிறார்கள். "வந்த பிறகு மருந்துக்குக் கொடுப்பதைவிட, வராமல் இருக்க என்ன செய்யலாம் என்று நீங்கள் சொல்லுங்கள்" என்று நிர்வாகிகள் கேட்டார்கள். அதனால்தான் வந்தேன்.

முதலில் என் தப்பு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

ஒரு பச்சைக்கல்லின் கதை

2009-இல் என் அக்கா மகன் என்னிடம் வேலை பழகிக்கொண்டிருந்தான். அப்போது அவனுக்கு 20 வயது. நல்ல கை. ஒரு வாடிக்கையாளர் தன் தாயாருடைய மரகதத்தைப் புது மோதிரத்தில் பதிக்கக் கொடுத்திருந்தார். மரகதம் பார்க்கக் கெட்டியாக இருக்கும். ஆனால் உள்ளே இயற்கையாகவே கீறல்கள் இருக்கும். அழுத்தம் கொஞ்சம் கோணினாலும் விண்டுவிடும். ராத்திரி 10 மணி வாக்கில் கல்லைப் பிடிக்கும் நகத்தை மடிக்கும்போது அவன் கையில் கருவி வழுக்கியது. கல்லின் மூலை உடைந்தது.

நான் கத்தினேன். "புத்தி எங்கடா மேயுது?" என்று கேட்டேன். அவன் மெதுவாக, "மாமா, கல்லு மேல என் கை நிழல் விழுந்துச்சு, தெரியல" என்றான். "நிழலாம் நிழல், சாக்கு சொல்றான்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். வாடிக்கையாளருக்கு நான் கொடுத்த 18,000 ரூபாயை மாதாமாதம் அவன் கூலியில் பிடித்தேன். கடைசித் தவணை முடிந்த வாரமே அவன் பட்டறையை விட்டுப் போய்விட்டான்.

9 வருஷம் கழித்து ஒரு நாள், என் இடத்தில் மின்சாரம் கோளாறு என்று, அவன் உட்கார்ந்த அதே இடத்தில் நான் உட்கார்ந்தேன். எனக்கு அப்போது 42 வயது. 27 வருஷ அனுபவம். சிறிய கல் ஒன்றைப் பதிக்கும்போது எனக்கும் கருவி வழுக்கியது. கல் உடையவில்லை, என் பெருவிரல்தான் கிழிந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தேன். டியூப் லைட் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. என் தலை நிழலும் கை நிழலும் சேர்ந்து, சரியாகக் கல்லின் மேல் விழுந்திருந்தன.

அந்தப் பையன் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான். நான்தான் அவன் மனசைப் பார்த்தேன், இடத்தைப் பார்க்கவில்லை.

இன்றைக்கு நான் சொல்ல வந்தது இந்த ஒரு விஷயம்தான். "கவனமா வேலை செய்" என்று சொல்வது சுலபம். கவனம் பாதி ஆளிடம் இருக்கிறது, பாதி அவன் உட்காரும் இடத்தில் இருக்கிறது. இடத்தைச் சரி செய்யாமல் ஆளைத் திட்டுவது அநியாயம்.

எங்கள் வேலையின் அளவு

வீட்டில் இருப்பவர்களுக்கு எங்கள் வேலையின் நுணுக்கம் தெரிய வேண்டும். ஒரு கேரட் என்பது 200 மில்லிகிராம். அதில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட். ஒரு சென்ட் வைரத்தின் எடை 2 மில்லிகிராம், அகலம் சுமார் 1.3 மில்லிமீட்டர். கடுகை நினைத்துக்கொள்ளுங்கள், அதைவிடச் சிறியது. ஒரு மோதிரத்தில் இப்படி 30, 40 கல் உட்காரும். ஒவ்வொன்றுக்கும் குழி தோண்ட வேண்டும், மட்டம் பார்க்க வேண்டும், நகம் மடிக்க வேண்டும்.

கையில் இருக்கும் தங்கமும் கல்லும் எங்களுடையவை இல்லை. அமானிதம். கிராம் கணக்கில் வாங்கி, கிராம் கணக்கில் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு கல் தரையில் உருண்டு போனால் அரை நாள் தேடுகிறோம். கிடைக்காவிட்டால் முகங்கள் மாறுகின்றன. நாணயமான பிள்ளைகள் மேல் சந்தேகம் விழுந்து, உறவு முறிந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே பட்டறை இடம் சரியாக இருப்பது கண்ணுக்கும் முதுகுக்கும் மட்டுமில்லை, மானத்துக்கும் காவல்.

வெளிச்சம்

வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். ஐரோப்பிய நாடுகளின் தர அளவில் சாதாரண ஆபீஸ் மேசைக்கு 500 லக்ஸ், நகை வேலைக்கு 1000, கல் வேலைக்கு 1500. நம் வீடுகளில் பத்துக்குப் பத்து அறையில் ஒரு டியூப் லைட் போட்டால் மேசை மேல் கிடைப்பது பெரும்பாலும் 150 லக்ஸ் அளவுதான். பத்தில் ஒரு பங்கு வெளிச்சத்தில் உட்கார வைத்துவிட்டு, கண் போய்விட்டதே என்று வருத்தப்படுகிறோம்.

வயதும் ஒரு கணக்கு. 60 வயதுக் கண்ணுக்குள் போகும் வெளிச்சம், 20 வயதுக் கண்ணுக்குள் போவதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். அத்தாவும் மகனும் ஒரே விளக்கில் வேலை செய்தால் மகனுக்குத் தெரிவது அத்தாவுக்குத் தெரியாது. "அத்தாவுக்குக் கை நடுங்குது" என்கிறோம். பல சமயம் கை நன்றாகத்தான் இருக்கும், கண்ணுக்குத்தான் வெளிச்சம் போதாது.

செய்ய வேண்டியது பெரிய செலவில்லை. வளைக்கும் தண்டு உள்ள எல்.இ.டி. மேசை விளக்கு இரண்டு. முன்பக்கம் இடதும் வலதும் ஒவ்வொன்று. ஒன்றின் நிழலை மற்றது அழித்துவிடும். ஒரே விளக்குதான் முடியும் என்றால், வலதுகைக்காரருக்கு இடது முன்பக்கம், இடதுகைக்காரருக்கு வலது முன்பக்கம். பல்பு நேராகக் கண்ணில் படக் கூடாது. பால்வெள்ளை மூடி உள்ள விளக்காகப் பாருங்கள், பாலிஷ் போட்ட தங்கத்தில் பட்டுக் கண் கூசாது. பழைய சோக் வைத்த டியூப் லைட் நொடிக்கு 100 முறை மினுங்கும். அந்த வெளிச்சத்தில் சுற்றுகிற மோட்டார் முனை சில நேரம் நிற்பது போலத் தெரியும். விரலுக்கு ஆபத்து.

பொடி வைத்து ஊதும் இடத்துக்கு மட்டும் வெளிச்சம் சற்று மங்கலாக இருக்க வேண்டும். அப்போதுதான் தங்கம் சூட்டில் சிவக்கிற நிறம் கண்ணுக்குப் பிடிபடும். அதனால் ஊதுகிற இடமும் கல் பதிக்கிற இடமும் ஒன்றாக இருக்கக் கூடாது. அறை ஒன்றே என்றாலும் மூலை இரண்டாக இருக்கட்டும்.

40 வயதைத் தாண்டியவர்கள் கண்ணாடி போட வெட்கப்படாதீர்கள். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கண்ணாடிக் கடையில் பத்திரிகை படிக்கும் தூரத்துக்கு அளவு கொடுப்பார்கள். நம் வேலை அதைவிடக் கிட்டத்தில் நடப்பது. வேலை செய்யும்போது கண்ணிலிருந்து கல் வரை ஒரு நூலால் அளந்து, அந்த நூலைக் கையோடு கொண்டுபோய், "இந்தத் தூரத்துக்குப் போட்டுக் கொடுங்கள்" என்று கேளுங்கள். என் மனைவி எனக்கு அளந்து கொடுத்த நூல் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

உட்காரும் இடம்

மனிதத் தலையின் எடை சுமார் 5 கிலோ. நிமிர்ந்து இருந்தால் முதுகெலும்பு அதைத் தாங்கிக்கொள்ளும். குனிந்தால் கழுத்து நரம்புகளும் தசையும் பல மடங்கு பாரம் சுமக்கும். நாம் என்ன செய்கிறோம்? வேலை கீழே இருக்கிறது, கண்ணை அதனிடம் கொண்டு போகிறோம். வேலையைக் கண்ணிடம் கொண்டு வர வேண்டும். மேசை நெஞ்சு மட்டத்துக்கு வர வேண்டும். இரண்டு முழங்கையும் ஏதாவது ஒன்றின் மேல் ஊன்றியிருக்க வேண்டும். ஊன்றாத கை நடுங்கத்தான் செய்யும்.

தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து பழகியவர்கள் நாற்காலிக்கு மாறத்தான் வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். மேசைக் கால்களுக்கு அடியில் பலகை கொடுத்து உயர்த்துங்கள். முதுகு சுவரில் சாயும்படி இடம் போடுங்கள். உட்காருமிடத்தில் ஒரு தடித்த மெத்தை. இவ்வளவுதான்.

தரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பூப்போட்ட தரையில் கல் விழுந்தால் கிடைக்காது. ஒரே நிறத்தில், இடைவெளி இல்லாத விரிப்பு போடுங்கள். வாசலில் ஒரு விரல் உயரத்துக்குச் சட்டம் அடித்தால் உருண்ட கல் அறையைத் தாண்டாது. சந்தேகமும் வாசலைத் தாண்டாது.

காற்று

இதுதான் எங்கள் தொழிலின் பெரிய சங்கடம். ஃபேன் போட்டால் சுடர் ஆடும், பொடி பறக்கும். அதனால் ஃபேனை நிறுத்துகிறோம். தங்கம் இருக்கிறதே என்று ஜன்னலையும் சாத்துகிறோம். சித்திரை மாதத்தில் அந்த அறைக்குள் 5 பேர், ஒரு உலை, ஒரு கேஸ் சுடர். வேர்வை கண்ணில் இறங்குகிறது, தலை கனக்கிறது. அப்புறம், "தூங்கி வழியறான்" என்று ஒரு திட்டு.

தங்கம் கனமான பொருள், தண்ணீரைவிட 19 மடங்கு. அரத்தூள் மெல்லிய காற்றுக்கெல்லாம் எழும்பாது, மேசைக்குக் கீழே கட்டிய தோலில் நேராக விழும். பறப்பது பாலிஷ் தூசு. அதற்கு மூடிய பெட்டி தனியாக வேண்டும். ஊதுகிற மூலையில் மேசை மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, உட்காருபவருக்கு எதிர்ச் சுவரில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வையுங்கள். தலைக்கு நேர் மேலே வைக்கக் கூடாது. அப்படி வைத்தால் புகை முகத்தைத் தொட்டுக்கொண்டுதான் மேலே போகும். எதிரில் வைத்தால் முகத்தை விட்டு விலகிப் போகும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கேட்மியம். கேடிஎம் நகை என்று நீங்கள் கேள்விப்பட்ட பெயர் அதிலிருந்து வந்ததுதான். கேட்மியம் கலந்த பொடி சீக்கிரம் உருகும், தங்கத்தின் மாற்றும் குறையாது. அதனால் ஒரு காலத்தில் எல்லோரும் அதற்கு மாறினோம். ஆனால் தங்கம் உருக 1064 டிகிரி வேண்டும், கேட்மியமோ 767 டிகிரியிலேயே கொதித்துப் புகையாகிவிடும். அந்தப் புகை மூச்சில் போனால் உடனே ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்துக் காய்ச்சல், இருமல், நெஞ்சு இறுக்கம் என்று சளிக்காய்ச்சல் போல வரும். அதிகமாகப் போயிருந்தால் உயிருக்கே ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் சிறுநீரகத்தில் தங்கிவிடும், பல வருஷம் வெளியேறாது. புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது.

எனவே கேட்மியம் இல்லாத பொடியையே கேட்டு வாங்குங்கள். பொடி வேலை செய்த நாளில் ராத்திரி காய்ச்சலும் மூச்சுத் திணறலும் வந்தால், "சளிதான்" என்று கஷாயம் கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், என்ன வேலை செய்கிறார் என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். தாய்மார்கள் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வீட்டிலேயே பட்டறை உள்ளவர்களுக்கு

முன் அறையில் பட்டறை, பின் அறையில் குடும்பம் என்று வாழ்கிறவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். உங்களுக்கு இரண்டு விஷயம்.

முதலாவது, விஷப் பொருட்கள். முலாம் போடப் பயன்படும் சயனைடு ஒரு சிட்டிகை போதும் உயிரை எடுக்க. அதோடு ஆசிட் கலந்தால் வரும் வாயுவும் உயிரை எடுக்கும். இந்த இரண்டையும் ஒரே அலமாரியில் வைப்பது பெரிய தப்பு. குடியிருக்கும் வீட்டில் சயனைடே இருக்கக் கூடாது என்பதுதான் என் கருத்து. முலாம் வேலையை அதற்கென்று இடம் உள்ளவர்களிடம் கொடுத்துவிடுங்கள். ஆசிடைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள், பிள்ளைகள் எடுத்துக் குடித்துவிடும். ஆசிடைத் தண்ணீரில்தான் ஊற்ற வேண்டும், ஆசிடில் தண்ணீரை ஊற்றினால் தெறிக்கும். வேலை செய்த கையை, நகக்கண் வரை சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பாட்டில் வைக்கக் கூடாது, குழந்தையையும் தூக்கக் கூடாது.

இரண்டாவது, கூப்பிடுவது. கல் குழிக்குள் உட்காரும் அந்த அரை நிமிஷத்தில், "ஏங்க, தண்ணி லாரி வந்துருச்சு" என்று ஒரு குரல் வந்தால் போதும். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். மேசை விளக்கு எரிந்தால் யாரும் கூப்பிடக் கூடாது, அணைந்தால் கூப்பிடலாம். என் சின்ன மகளுக்கு 5 வயதிலேயே இது பழகிவிட்டது. வாசலில் நின்று விளக்கைப் பார்ப்பாள். எரிந்தால் உட்கார்ந்துகொள்வாள். அதே நியாயம் எனக்கும் உண்டு. விளக்கை எரியவிட்டுக்கொண்டு போன் பார்க்கக் கூடாது. போன் ஒரு டப்பாவில், கைக்கு எட்டாத இடத்தில் இருக்கும்.

வேலையும் நேரமும்

நுணுக்கமான கல் வேலையைக் காலையில் வையுங்கள். சாப்பிட்ட பிறகு அரம், பாலிஷ் என்று வையுங்கள். 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை தலையை நிமிர்த்தித் தூரத்தில் எதையாவது பார்த்தால் கண் தசை தளரும். லுஹருக்கும் அஸருக்கும் எழுந்து போகிறோமே, அது எங்கள் தொழிலுக்கு எவ்வளவு பெரிய உதவி என்று யோசித்துப் பாருங்கள். ஒளு செய்யும்போது முகமும் கையும் குளிர்கின்றன, மடங்கிய முழங்கால் நீள்கிறது, கண் தூரம் பார்க்கிறது. முதலாளிகளே, அந்த நேரத்தை நஷ்டக் கணக்கில் எழுதாதீர்கள். திரும்பி வருகிறவன் புதுக் கண்ணோடு வருகிறான். அடுப்பில் தங்கம் உருகிக்கொண்டிருக்கும்போது பாதியில் எழுந்து ஓடவும் வேண்டாம். கையில் இருப்பதைப் பத்திரமாக இறக்கி வைத்துவிட்டு, சிலிண்டர் வால்வை மூடிவிட்டுப் போகலாம்.

தீபாவளி, அட்சய திருதியை, கல்யாண சீசன் என்றால் ராத்திரி 1 மணி, 2 மணி வரை உட்கார வைக்கிறோம். நானும் செய்திருக்கிறேன். என் பட்டறையில் கல் உடைந்த கணக்கை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலும் ராத்திரி 9 மணிக்கு மேல்தான். இப்போது 8 மணிக்குப் பிறகு கல் வேலை கிடையாது என்று வைத்துவிட்டேன். சில ஆர்டர் கைவிட்டுப் போனது உண்மை. உடைந்த கல்லுக்குப் பணம் கட்டுவது அதைவிடக் குறைந்திருக்கிறது.

ஒரு வேண்டுகோள்

டிரஸ்ட் நிர்வாகிகளுக்கு என் வேண்டுகோள் இது. மருத்துவ உதவி கேட்டு வரும் பட்டறைத் தொழிலாளியின் இடத்தை ஒருவர் போய்ப் பார்த்து வரட்டும். கண்ணுக்கு மருந்து வாங்கிக் கொடுக்கும் பணத்தில் இரண்டு விளக்கும் வாங்கலாம். வசதியுள்ள சகோதரர்கள் ஒரு பட்டறைக்கு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் என்று பொறுப்பெடுத்தாலும் போதும். ஒரு குடும்பத்தின் சம்பாத்தியம் இன்னும் 10 வருஷம் நிற்கும்.

கடைசியாக, அக்கா மகன் விஷயம். விரல் கிழிந்த அந்த வாரமே அக்கா வீட்டுக்குப் போனேன். 18,000 ரூபாயை அவன் முன்னால் வைத்து, "நீ சொன்னது நிஜம்டா, நிழல்தான்" என்றேன். அவன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அன்னைக்கே சொன்னேனே மாமா" என்றான். அவ்வளவுதான். பணத்தைத் தொடவில்லை. அக்காதான், "எடுத்துக்கடா, அது உன் கூலி" என்று எடுத்து அவன் சட்டைப் பையில் வைத்தார்.

அவன் திரும்ப நகை வேலைக்கு வரவில்லை. ஏசி மெக்கானிக்காக இருக்கிறான், நன்றாக இருக்கிறான். என் பட்டறையில் ஓடுகிற எக்ஸாஸ்ட் ஃபேனை மாட்டிக் கொடுத்தவன் அவன்தான். ஆனாலும் ஒரு நல்ல கல் பதிப்புக்காரனை இந்தத் தொழில் இழந்துவிட்டது. அதற்குக் காரணம் ஒரு டியூப் லைட்டும், நிமிர்ந்து பார்க்காத ஒரு மாமாவும்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் மகனோ, கணவரோ, அண்ணனோ வேலை செய்யும் இடத்தில் நீங்கள் 5 நிமிஷம் உட்கார்ந்து பாருங்கள். கையை நீட்டிப் பாருங்கள். நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். முதலாளிகளும் தங்கள் ஆட்களின் இடத்தில் ஒரு தடவை உட்கார வேண்டும். திட்டுவதாக இருந்தால் அதற்குப் பிறகு திட்டலாம்.

நம் பிள்ளைகளின் கண்ணையும் கையையும் அல்லாஹ் பாதுகாப்பானாக.